எட்டுக்கு முப்பத்தொன்பது

நயினார்கோவிலில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது கண்மாய்க் கரை ஒன்றுதான். மலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மதுரைப் பக்கம் போக வேண்டும். இப்படிப்பட்ட தட்டை பூமியில், மலை ஏறுவதற்கென்றே பல் வெட்டிய பின் அச்சோடு ஒரு பழைய அம்பாசிடரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன். குடும்பத்தை நடத்துவது தான்தான் என்றும், நான் நடத்துவது அம்பாசிடரை மட்டும் என்றும் மனைவி திருத்துவாள். அதிலும் பாதி நாள் தள்ளுவதுதான், நடத்துவதில்லை என்பது மகனின் திருத்தம்.

ஊரிலிருந்து பரமக்குடி வரை பிரச்சினை இல்லை. ஆடு, மாடு, நாகநாதரைத் தரிசிக்க வரும் வேன்கள் என்று எதிரே வந்துகொண்டே இருப்பதால் நாற்பதைத் தாண்ட வழியில்லை. நாற்பதில் என் வண்டி ராஜா. பரமக்குடியில் நான்கு வழிச்சாலை ஏறி மதுரையைப் பார்த்துத் திரும்பியதும்தான் அவமானம் தொடங்கும். எண்பதைத் தொட்டால் இன்ஜின் வீட்டில் திருடன் புகுந்ததுபோல அலறும். பார்த்திபனூர் தாண்டுவதற்குள் முண்டு வத்தல் மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று என்னை முந்தும். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்க்கும் பார்வையில் கேலி இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் இரக்கப்படுகிறார்.

வண்டியின் மேல் குற்றம் இல்லை. அம்பாசிடரின் தகப்பன் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் பிறந்து 2014 வரை அந்த வம்சம் ஓடியது. 1489 சிசி இன்ஜினுக்கு ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன். அந்த ஐம்பது குதிரையை வைத்துக்கொண்டு ஒரு கூட்டுக் குடும்பத்தை, கூரை மேல் பெட்டி படுக்கையோடு, குண்டும் குழியுமான ரோட்டில் இழுக்க வேண்டும். அதற்காகவே பின் அச்சில் வேகத்தை நிறையக் குறைத்துத்தான் பல் வைத்தாக வேண்டும். நான்கு வழிச்சாலை என்று ஒன்று வரும், அதில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எண்பதில் போக ஆசைப்படுவார் என்றெல்லாம் அதைச் செய்தவர்கள் கனவு காணவில்லை.

எட்டாம் வகுப்புக்கு விகிதம் நடத்தியே தலை நரைத்தவன் நான். அந்த நரைத்த தலையைக் காரின் அடியில் நீட்டி, என் வண்டியின் விகிதம் என்ன என்று எண்ணிப் பார்க்கப் புறப்பட்டேன். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நடுநிலையில் விட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்று போதாது; மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதியைத்தான் கணக்கில் எடுக்கும். இரண்டு சுற்றுக்கு, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மனைவி சக்கரத்தைச் சுற்ற, நான் அடியில் படுத்து ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் எட்டுப் பல், அது சுற்றும் பெரிய கிரவுன் வீலில் முப்பத்தொன்பது, ஆக 4.875. சக்கரம் சீறியதைக் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “என்ன வாத்தியாரே, பின்னால புஸ்ஸு புஸ்ஸுங்குது? வண்டிக்கும் நாக தோஷமா?” என்றார். எங்கள் ஊரில் இது நையாண்டி இல்லை, அக்கறையான விசாரிப்பு. பரிகாரத்துக்கு எந்தக் கிழமை நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு சில வாரம் வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் எதுவும் வெறுமையாக இல்லை. என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உருளும். நான்காவது கியர் நேரடி. ஷாஃப்டும் இன்ஜினும் ஒரே வேகம். எண்பது கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3200 சுற்று சுற்றுகிறது. விகிதத்தை 4.55 ஆக்கினால் 3000. 4.3 என்றால் 2800. எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் 3.9 கிடைத்தால் 2550 தான்! இங்கிலாந்தில் மாரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் ரைலி ஒன்றரை லிட்டர் காரின் 3.73-ஐத் தேடி அலைவார்களாம். நானும் அந்த உலகளாவிய பைத்தியக்கார சங்கத்தில் சந்தா கட்டாமலேயே உறுப்பினராகிவிட்டேன். 3.9 என்று தீர்மானித்து, காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரமக்குடி மெக்கானிக் பாயிடம் போனேன்.

பாய் தாளைப் பார்த்தார். ஆசிரியர்களிடம் படித்த மரியாதைக்காக முழுவதையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “சார், போன மாசம் கல்யாணத்துக்கு வண்டியில எத்தனை பேரு போனீங்க?”

பெரியவர்கள் ஏழு பேர். மடியில் இருந்த பிள்ளைகளை நாங்கள் எண்ணுவதில்லை.

“பின்னாடி பல்லை மாத்துனா டாப் கியரு மட்டும் மாறாது சார். நாலு கியரும் மாறும். ஃபர்ஸ்ட்ல அந்த ஏழு பேரையும் கெளப்பணும். கிளச்சு பிளேட்டு என்ன கதியாகும்?”

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனாலும் விடவில்லை. மலையே இல்லாத ஜில்லாவில் இழுவை எதற்கு என்றேன். “மலை இல்ல. ஆடி மாசம் மதுரைக்குப் போயிருக்கீங்கள்ல?” என்றார்.

அதோடு வாய் அடைத்தது. எங்கள் சீமையில் மலை படுத்துக் கிடப்பதில்லை. மேல்காற்றாக எதிரே வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அம்பாசிடரின் முகமோ காற்றைக் கிழிக்கச் செய்ததல்ல, காற்றிடம் நலம் விசாரிக்கச் செய்தது. இன்ஜின் சுற்று குறையக் குறையக் கொடுக்கும் திறனும் குறையும். 3.9 போட்டு ஆடிக் காற்றில் போனால் நான்காவதில் திணறி, மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருக்கும். மூன்றாவதில் பழைய அலறலைவிடப் பெரிய அலறல். பெட்ரோலும் போகும், மானமும் போகும்.

இசுசூ இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டுவிடுங்கள், ஐந்தாவது மட்டும் நெடுஞ்சாலைக்கு, மற்ற நாலும் கல்யாணத்துக்கு என்றார் பாய். சரியான யோசனைதான், 1990-களில் கம்பெனியே 1800 சிசி இசுசூ இன்ஜினோடு அப்படித்தான் செய்தது. ஆனால் அதன் செலவை வீட்டில் சொல்ல எனக்கு ஐம்பது குதிரைத்திறன் போதாது. கடைசியில் 4.3-இல் சமாதானம். பினியனில் பத்து, கிரவுனில் நாற்பத்து மூன்று. மதுரைப் பழைய சாமான் கடையில் பல் தேயாத ஜோடி கிடைத்தது. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒன்றோடொன்று உராய்ந்து பழகியவை, வேறொன்றோடு சேர்த்தால் ஊளையிடும். பாய் நீலச் சாயம் பூசிப் பல் பதிவு பார்த்து, ஷிம் வைத்து, தொண்ணூறாம் நம்பர் ஆயில் ஊற்றி மூடினார்.

வண்டி மாறிவிட்டது. மானாமதுரை வரை எண்பதில் போனேன். திருடன் போய்விட்டான், வீட்டுக்காரர் மட்டும் முனகுகிறார். கண்மாய்க் கரையில் முன்னைவிடக் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அது நியாயம்.

கணக்கு நோட்டில்தான் இடி விழுந்தது. பெட்ரோல் செலவை மனைவி மீட்டரைப் பார்த்து எழுதுகிறாள். லிட்டருக்குப் பத்து ஓடிய வண்டி ஒன்பதரையைக்கூடத் தொடவில்லை என்று நோட்டைக் காட்டினாள். மீட்டருக்குக் கம்பி கியர் பெட்டியிலிருந்து வருகிறது. பின்னால் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. வண்டி எண்பதில் போனாலும் அது எழுபதென்றுதான் சொல்லும், தூரத்தையும் அப்படியே குறைத்துக் காட்டும் என்று விளக்கினேன். காசு செலவழித்த கணவனின் விளக்கத்துக்கு எந்த வீட்டில் மதிப்பு உண்டு?

சாட்சிக்குப் பாம்பன் பாலத்தை அழைத்தேன். 1988-இல் திறந்த சாலைப் பாலம், 2.345 கிலோமீட்டர், யாரும் மறுக்க முடியாது. காற்று பக்கவாட்டில் தள்ளத் தள்ள, பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை அவளை மீட்டரைப் பார்க்க வைத்தேன். இரண்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் நகர்ந்தது. கடலைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டு பாம்பனைக் கடந்த தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

“அப்போ அது சொல்றதுக்கு மேல எவ்வளவு சேத்துக்கணும்?”

“நூத்துக்குப் பதிமூணு.”

நோட்டைத் திருத்தினாள். லிட்டருக்குப் பத்தரையைத் தாண்டியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பேனாவை மூடாமல் இன்னொரு பக்கம் புரட்டினாள்.

“ஏங்க, கிரவுன் பினியனு வெலைன்னு ஒண்ணு சொன்னீங்களே. அதுக்கு மேலயும் நூத்துக்குப் பதிமூணு சேத்துக்கவா?”

சேர்த்துக்கொள் என்றேன். பதிமூன்று போதாது என்பதைச் சொல்லவில்லை.