குழாயை மூடுங்கள், பிள்ளைகளே!

மார்ச் 22 நெருங்கினால் புத்தளம் கரையோரப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஞானம் புகட்டப்படும். பதாகை தொங்கும், சித்திரப் போட்டி நடக்கும், கொஞ்சம் வசதியான பாடசாலை என்றால் ஒருநாள் கல்விச் சுற்றுலாவும் உண்டு. பல் துலக்கும்போது குழாயை மூடு. ஒரு சொட்டும் வீணாக்காதே. கற்பிட்டிப் பக்கத்து மணல் ஒழுங்கையிலிருந்து வந்த பிள்ளை இதையெல்லாம் பவ்வியமாகக் கொப்பியில் எழுதிக்கொள்ளும். "சேர், எங்கட வீட்டுல குழாய் இல்லையே, எத மூடுற?" என்று ஒன்று எழுந்து கேட்டுவிட்டால் போச்சு. "கேள்வியெல்லாம் கடைசியில கேக்கலாம், இரிங்க" என்பார் வளவாளர். சொல்லிவிட்டுப் போத்தல் தண்ணீரை ஒரு மிடறு குடிப்பார்.

போத்தலுக்காக அவரைத் திட்ட மாட்டேன். பாடசாலைக் கிணற்றை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த ஒரே நேர்மையான நீர்ப்பாடம் அந்த மிடறு.

தண்ணீரைப் பற்றிப் படிக்கச் சுற்றுலா வேண்டும் என்றால் தாராளமாக வைக்கலாம். ஆனால் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். அமைச்சுச் செயலாளர்கள், திணைக்களத் தலைவர்கள், திட்ட ஆலோசகர்கள், மாகாண சபையில் கதிரை சூடாக்கியவர்கள், கச்சேரியில் கோப்பு நகர்த்துகிறவர்கள் ஏறட்டும். கொழும்பிலிருந்து விடியற்காலை புறப்பட்டால் நேரம் சரியாக இருக்கும். வழிகாட்டியாக நான் வருகிறேன், படிக்காசு வேண்டாம்.

முதல் தரிப்பு சிலாபம். தெதுறு ஓயாப் பாலத்தில் இறங்கி ஆற்றைப் பார்க்கலாம். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் படுக்கையே தாழ்ந்துவிட்டதால் கடல் உப்பு உள்ளே ஏறி வந்துவிடுகிறது. அள்ளிய மணல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்பவரின் வீட்டுச் சுவரிலேயே இருக்கக்கூடும்.

பக்கத்தில் பம்பலவில் உலகின் முதல் கண்டற்காட்டு அருங்காட்சியகம் 2016 ஜூலை 26 இல் திறக்கப்பட்டது. அப்போதைய ஜனாதிபதியே வந்து திறந்துவைத்தார். நல்ல இடம், அதோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கிருந்து உடப்பு, முந்தல் பக்கம் போகிற வழியில்தான் பஸ்ஸின் திரையை விலக்கச் சொல்வேன். கண்டல்களை வெட்டித் தோண்டிய இறால் குளங்கள். ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து ஒருவன் தண்ணீர் இழுப்பான், குளத்துக் கழிவை அதே கால்வாயில் திறந்துவிடுவான். அடுத்த பண்ணைக்காரன் அதையே இழுப்பான். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணை பண்ணையாக இறால் செத்ததற்கு இதைவிட வேறு விளக்கம் பெரிதாகத் தேவையில்லை. முதலாளிகள் பலர் போய்விட்டார்கள். குளங்கள் போகவில்லை. உப்பேறிய அந்த மண்ணில் நெல்லும் வராது, கண்டலும் தானாக வராது. இதற்கு அனுமதி கொடுத்த கையெழுத்துகள் எல்லாம் இப்போது ஓய்வூதியம் வாங்குகின்றன.

பாலாவியில் திரும்பி நுரைச்சோலை. லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் அலகை 2011 இல் திறந்துவைத்தார்கள். தேதி மார்ச் 22, உலக நீர் நாள். நாள் பார்த்தவரின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். இன்று மூன்று அலகு, 900 மெகாவாட். குளிர்விக்கக் கடல் நீரை உள்ளே இழுத்துச் சூடாக வெளியே விடுகிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றோடு நரக்களிப் பக்கத் தோட்டங்களில் இறங்குகின்றன. இலையைக் கழுவலாமே என்பீர்கள். கழுவலாம், கிணற்றுத் தண்ணீரால். ஆகவே கிணற்றைப் பார்ப்போம்.

இங்கேதான் மதியம் முழுவதும் நிற்க வேண்டும். கற்பிட்டி மணலுக்கு அடியில் நன்னீர் ஒரு மெல்லிய அப்பமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. மலையிலிருந்து ஆறு வந்து நிரப்புவதில்லை; மழை பெய்து மணலில் வடிந்ததுதான் அங்கிருக்கும் முதல். கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உப்பு ஏறத்தாழ நாற்பதடி மேலே வரும் என்று ஒரு கணக்கு நூறு வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மணலில்தான் சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, கரட். மணல் எதையும் பிடித்துவைக்காது, அதனால் தோட்டக்காரன் நாளுக்கு நாள் தண்ணீர் இறைக்கிறான், அந்தர் அந்தராக உரம் போடுகிறான். பயிர் தின்றது போக மிச்ச யூரியா வடிந்து கிணற்றுக்கே திரும்புகிறது. மறுநாள் மோட்டார் போட்டால் அதே தண்ணீர், இன்னும் கொஞ்சம் கனமாக.

உலக சுகாதார நிறுவனம் லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் குடிக்க வேண்டாம் என்கிறது. கற்பிட்டிக் கிணறுகள் பல அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டன. 1980களிலேயே ஆய்வாளர்கள் வந்து அளந்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வந்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள், பட்டம் வாங்கினார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. கிணற்றடியில் நிற்கும் உம்மாவுக்குத் தமிழில் கிடைத்தது ஒரு சுவரொட்டி: கொதித்தாறிய நீரைப் பருகுங்கள். கிருமிக்கு அது மருந்து, சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது. நீராவிதான் போகும், மிச்சத் தண்ணீரில் நைத்திரேற்று இன்னும் செறியும். அதில் பால்மா கரைத்து ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மறுத்து உடம்பு நீலம் பாரிக்கலாம். ஆக, சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்ட தாய்க்குத்தான் ஆபத்து அதிகம். இந்தச் சுவரொட்டியை வரைந்தவரைப் பஸ்ஸில் முன் இருக்கையில் வைக்க வேண்டும்.

தோட்டக்காரனும் குற்றவாளிதானே என்று பின் இருக்கையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அவன் பங்கு உண்டு. ஆனால் அவனுக்கு அரசு அனுப்பிய பாடம் என்ன? 2021 மே மாதம், போதிய முன்னறிவிப்பு இல்லாமல் இரசாயன உர இறக்குமதிக்கு முழுத் தடை. கிணறு நஞ்சானபோது முப்பது வருடத்துக்கு மேலாக வராத அக்கறை, திறைசேரியில் டொலர் வற்றியதும் திடீரென்று வந்தது. நவம்பரில் தடையைத் தூக்கினார்கள். அந்த ஆறேழு மாதத்தில் எத்தனை கிணற்றை மறுபடி அளந்து, என்ன மாறியது என்று தோட்டக்காரனிடம் வந்து சொன்னார்கள்? கேள்வியெல்லாம் கடைசியில.

இன்னொன்றும் இங்கே நின்றுதான் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பல்லாயிரம் பேர் இந்த மணலில்தான் வந்து இறங்கினார்கள். ஓலைக் கொட்டில், குழிக் கழிப்பறை, கிணறு, மூன்றும் ஒரே மணலில் கிட்டக் கிட்ட. தற்காலிகம் என்றார்கள். 2007 இல் உலக வங்கிக் கடனில் வீட்டுத் திட்டம் வருவதற்குள் அந்தத் தற்காலிகத்துக்கு 17 வயது ஆகியிருந்தது. இடையில் தண்ணீருக்காக ஊராரும் வந்தாரும் முகம் சுளித்துக்கொண்டபோது, "ஒற்றுமையாக இருங்கள்" என்று அறிவுரை வந்தது. தண்ணீர்ப் பவுசர் பிந்தித்தான் வந்தது.

கடற்கரைப் பக்கம் ஓர் எட்டு. வெள்ளைக்காரன் காற்றாடிப் பலகையில் பறந்துவிட்டு வந்து உப்புப் போகக் குளிக்கிறான், பிறகு கடலுக்குக் கல்லெறி தூரத்தில் நன்னீர் நீச்சல் குளத்தில் இறங்குகிறான். அந்த அறையில் துவாயைத் திரும்பப் பாவித்துத் தண்ணீரைக் காப்பாற்றும்படி அழகான அட்டை ஒன்று இருக்கும். வெங்காயத் தோட்டமும் நீச்சல் குளமும் உறிஞ்சுவது ஒரே அப்பத்தை. குழாயை மூடும் வகுப்புக்கு மட்டும் பிள்ளை போக வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் அறுவைக்காடு. கொழும்புக்காரர் இங்கே தங்கள் பொருளைத் தாங்களே அடையாளம் காணலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் புதைந்தார்கள். தலைநகரம் அதிர்ந்தது, அழுதது, பிறகு குப்பையை 170 கிலோமீட்டர் தள்ளிவிடக் கிளம்பியது. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம் காலியாக இருந்ததே. ஒரு பக்கம் வில்பத்து, ஒரு பக்கம் புத்தளம் களப்பு. இதைவிட வசதியான தொட்டி எங்கே கிடைக்கும்? புத்தளம் மாதக்கணக்கில் தெருவில் நின்று வேண்டாம் என்றது. ரயிலில் வரும் என்று சொன்ன குப்பை 2019 இல் லொறிகளில் வந்து இறங்கியது. களனி ஆற்றைச் சுத்திகரித்துக் குடிக்கிற நகரம் தன் ஆற்று நீரில் ஒரு குவளைகூட நமக்கு அனுப்பவில்லை, குப்பையை அனுப்பியது. அதன் சாறு கீழே இறங்காதபடி விரிப்புப் போட்டிருக்கிறது என்கிறார்கள். சுண்ணாம்புக்கல் மழைத்தண்ணீரில் மெல்லக் கரையும் கல் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைகளை ஏற்றாததற்கு அதுவும் ஒரு காரணம், அவர்கள் கேட்டுவிடுவார்கள்.

சுற்றுலா விதிகள் சில. போத்தல் தண்ணீர் பஸ்ஸில் ஏற்றக் கூடாது, ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தண்ணீர்க் கானும் கூடாது. மதியச் சோறு கற்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரில் சமைக்கப்படும். தேத்தண்ணியும் அதில்தான், நன்றாகக் கொதிக்கவைத்து. விளக்கம் தமிழில்தான் சொல்வேன், மொழிபெயர்ப்பு வேண்டுமானால் எழுத்தில் விண்ணப்பிக்கலாம், பதில் வரச் சுணங்கும். தாகம் தாங்கவில்லை என்றால் பவுசர் வரும்வரை மர நிழலில் குந்தியிருக்கலாம். பவுசர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்த அதிகாரி யாராவது இருந்தால், அவரும் அந்தப் பஸ்ஸில்தான் இருப்பார்.