வண்ணக் குச்சியும் வெட்டவெளியும்

ஆரம்பாக்கத்தில் நின்று வரைய என்ன இருக்கிறது? லாரியும் புகையும்தானே!
– ஒரு வாசகர், ஆரம்பாக்கம்

கிழக்கே திரும்பிப் பார்த்தீர்களா? சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு அந்தப் பக்கம்தான். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். இளஞ்சிவப்பு பேஸ்டல் குச்சியை இரண்டாக வாங்கி வையுங்கள்! புகையையும் ஒதுக்காதீர்கள். 1877-இல் ஓவியர் மோனே பாரிஸ் ரயில் நிலையத்துக்கே போய், எஞ்சின் புகையை வரிசையாக வரைந்தார்.

வாட்டர்கலர் இருக்க, பேஸ்டல் எதற்கு?

சூரியன் உங்களுக்காகக் காத்திருக்குமா? பேஸ்டலில் தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, காயவேண்டிய வேலையும் இல்லை. நிறப்பொடியில் துளி பசை சேர்த்து உருட்டிய குச்சி அது, எடுத்ததும் தீட்டலாம். பள்ளிப் பிள்ளைகளின் ஆயில் பேஸ்டல் வேறு, இது வேறு. தாள் சொரசொரப்பாக இருக்கட்டும், வழவழப்பில் பொடி நிற்காது. உதிரும் பொடியை வாயால் ஊதவே ஊதாதீர்கள். தாளைச் சாய்த்துத் தட்டுங்கள். சில நிறமிகள் நஞ்சு. கை கழுவாமல் டிபன் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

தொட்டாலே உதிரும் பொடி எத்தனை நாள் தங்கும்?

ஓவியர் லியோத்தார் 1744 வாக்கில் பேஸ்டலில் தீட்டிய 'சாக்லேட் பெண்' இன்றும் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் பொலிவோடு இருக்கிறாள். எண்ணெய் இல்லாததால் மஞ்சளித்துப்போகவும் வழியில்லை. கண்ணாடிச் சட்டம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.