லெமூரியா மாமா

பணி ஓய்வு பெற்ற கையோடு சிலருக்குச் சர்க்கரை வரும். சிலருக்குச் சதுரகிரி வரும். இன்னும் சிலருக்கு லெமூரியா வந்துவிடும். முதல் இரண்டால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லை.

காலை ஐந்தரைக்கு நம் கைப்பேசியில் கடலடி வரைபடம் ஒன்று வந்து விழுந்தால், நம் தெருவிலும் ஒருவர் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். மேலே ரோஜாப்பூவும் காலை வணக்கமும் இருக்கும். கீழே, '20,000 ஆண்டுகளுக்கு முன் தமிழனின் விமான நிலையம், தமிழனாய் இருந்தால் பகிரவும்' என்று உத்தரவு இருக்கும். கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை வாய்த்துவிட்டால் தப்ப வழியே இல்லை. சாம்பாரில் மடகாஸ்கர் பிரியும், வத்தக்குழம்பில் குமரிக்கண்டம் மூழ்கும், ரசத்துக்குள் எகிப்தியர்கள் நம்மிடம் கல் தூக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். மோர் ஊற்ற வருபவர் தெய்வமாகத் தெரிவார்.

எங்கள் குடியிருப்பு மாமா காலமெல்லாம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். பத்து பைசா இடித்தால் அன்றைக்குத் தூங்கமாட்டாராம். அதே மனிதர் இப்போது பத்தாயிரம் வருடத்தை முன்னே பின்னே நகர்த்தக் கொஞ்சமும் அஞ்சுவதில்லை. கேள்வி மட்டும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார்: "இது மனுஷன் பண்ற வேலையா சார்? நீங்களே சொல்லுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மல்லச்சந்திரம் போக நேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாறைக் குன்றின்மேல் கூட்டமாகக் கல்திட்டைகள் நிற்கும் இடம் அது. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் போட்ட அறைகள். ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். தொல்லியலார் அதை இடுதுளை என்பார்கள். இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோருக்காக எழுப்பியவை. ஊர்க்காரர்களைக் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள். வேறு சில ஊர்களில் குள்ளர்கள் குடியிருந்த வீடு என்பதும் உண்டு. குனியாமல் நுழைய முடியாத அந்த வாசலைப் பார்த்தால், குள்ளர் கட்சிதான் கொஞ்சம் யோசித்திருக்கிறது என்று தோன்றும். பீமன் உள்ளே எப்படிப் படுத்தான் என்பதைப் பாண்டவர் கட்சி இன்னும் விளக்கவில்லை.

மாமா இரண்டு கட்சியையும் தள்ளுபடி செய்தார். இடுதுளையில் காதை வைத்து, "கேட்குதா? அதிர்வலை!" என்றார். குன்றின்மேல் நல்ல காற்று. பிறகு பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். ஊசி ஆடியது உண்மைதான். ஏறி வந்த மூச்சிரைப்பில் அவர் கையும் ஆடியது.

"இந்த மூடுகல்லு எத்தனை டன் இருக்கும்? கிரேன் இல்லாம எப்படி சார்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த வகைப் பாறை அடுக்கடுக்காக உரியும். மேலே நெருப்புப் போட்டுச் சூடேற்றித் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். விரிசலில் ஆப்பு வைத்து நெம்பினால் பலகை பெயர்ந்து வரும். உருட்டுக் கட்டைமேல் வைத்து நகர்த்தலாம். மண்ணைச் சரிவாகக் கொட்டி மேலே இழுத்துவிட்டுப் பிறகு மண்ணை அள்ளிவிடலாம். பத்துப் பேரால் ஆகாததை நூறு பேர் செய்வார்கள். அந்த நூறு பேருக்கும் சோறு போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்பதுதான் உண்மையிலேயே துப்பறிய வேண்டிய விஷயம்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நம்ம முன்னோர் வெறும் கூலிக்காரங்கன்னு சொல்றீங்களா சார்?"

இந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. தமிழன் பெருமையைப் பேசத்தான் மனிதர் புறப்படுகிறார். பேசி முடிப்பதற்குள், தமிழன் கையால் இது ஆகியிருக்காது என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுகிறார். எரிக் வான் டேனிகன் 1968-இல் ஒரு புத்தகம் போட்டு, வேற்றுக்கிரகத்துக்காரர்களை இறக்கி, எகிப்துத் தொழிலாளியின் கையிலிருந்த உளியைப் பிடுங்கினார். அது அயலான் செய்த வேலை. நம் மாமா அதையே சொந்தச் செலவில், பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ச் செய்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கதைதான். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. நாவிதருக்கும் இடம் கொடுத்திருக்கிறான் இராசராசன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது முதற்கொண்டு வெட்டியிருக்கிறது. இத்தனை பேரை ஒரு ராஜாவே பதிவு செய்து வைத்திருக்க, மாமா 'மறைந்துபோன தொழில்நுட்பம்' என்று ஒரே வரியில் எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார். கோபுர நிழல் தரையில் விழாது என்றும் சொல்வார். அந்த நிழலில் உட்கார்ந்துதான் சொல்வார்.

"எல்லாத்தையும் வெள்ளைக்காரன் மறைச்சுட்டான்" என்பது அடுத்த கட்டம். லெமூரியாவைக் கொடுத்தவனே வெள்ளைக்காரன்தான் என்றால் அப்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது. மடகாஸ்கரில் இருக்கும் லெமூருக்கு இந்தியாவில் தேவாங்கு எப்படி உறவானது என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஆங்கிலேய விலங்கியலார் பிலிப் ஸ்க்லேட்டர், நடுவில் ஒரு கண்டம் இருந்திருக்கும் என்று 1864-இல் ஊகித்து, அந்த விலங்கின் பெயரையே அதற்கு வைத்தார். அடையாற்றில் பிரம்மஞான சபையை நிலைநிறுத்திய பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் அதில் முட்டையிலிருந்து பிறக்கும் ராட்சத மனிதர்களைக் குடியேற்றினார். அப்புறம் குமரிக்கண்டம் என்று சொல்லி நாம் குடியேறினோம். கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் உறுதியானதும் விஞ்ஞானிகளுக்கு அந்தக் கண்டம் தேவைப்படாமல் போயிற்று. மாமாவுக்குத் தேவைப்படுகிறது.

நியாயமாகச் சொன்னால் அவர் படிக்காதவர் இல்லை. இறையனார் களவியல் உரை சொல்லும் மூன்று சங்கங்களின் ஆண்டுக்கணக்கு, 4,440, 3,700, 1,850, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அது வெறும் கரையோரம் சார்" என்று ஒதுக்கிவிட்டார். அவருக்குக் கண்டமே வேண்டும்.

வெளிநாட்டுக் கற்களையும் விடுவதில்லை. இந்தோனேசியாவின் குனுங் பாதாங்கில் 25,000 ஆண்டுப் பிரமிடு இருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தபோது குடியிருப்பில் இனிப்பு கொடுத்தார். 2024 மார்ச்சில் அதை வெளியிட்ட இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தேதி கணித்தது மண்ணுக்கு. அந்த மண்ணில் மனிதன் கைபட்ட தடயம் எதுவும் இல்லை. அந்தக் கணக்கில் எங்கள் குடியிருப்பின் அடிமண்ணைப் பரிசோதித்தால், எங்களிடம் மாநகராட்சி பல லட்சம் வருடத்துச் சொத்துவரி பாக்கி கேட்கலாம். மாமா இனிப்பைத் திரும்பக் கேட்கவில்லை. துருக்கியின் கோபெக்லி தெபேயும் அவர் பட்டியலில் உண்டு. 11,000 ஆண்டுக்கும் முந்தைய அந்தத் தூண்களை 1995 முதல் தோண்டி உலகத்துக்குக் காட்டியவர் கிளாஸ் ஷ்மிட் என்ற தொல்லியலார், அதாவது எல்லாவற்றையும் மறைக்கிறது என்று மாமா சொல்லும் அதே கூட்டத்து ஆள்.

கீழடிக்கு மட்டும் அவர் ஒருமுறைக்கு மேல் போகவில்லை. "2,600 வருஷம்தானா?" என்று கேட்டாராம். பானை ஓடு, பகடை, தக்களி, உறைகிணறு. இதெல்லாம் மனுஷன் பண்ற வேலை என்பதில் அவருக்கே சந்தேகமில்லை; அதனால் சுவாரசியமும் இல்லை. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்துவிடு, எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்பாள். அந்தப் பாட்டு மாமாவுக்கு மனப்பாடம். தாழியின் விட்டம் எத்தனை அடி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். புதையல் இருக்கிறதென்று எத்தனையோ கல்திட்டைகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். கல் உடைக்கும் வேலையில் போனவை வேறு. மல்லச்சந்திரத்தில் ஒரு கல் சாய்ந்துகிடப்பதைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கியவர் மாமா ஒருவர்தான். மூடுகல்மேல் ஏறிப் படம் எடுத்த பையன்களை விரட்டியதும் அவரே.

கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் நீங்களும் மல்லச்சந்திரம் ஏறிப் பாருங்கள். கல்மேல் ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். மாமா கூட வருகிறார் என்றால் இன்னொரு பாட்டில் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறங்க விடமாட்டார்.