தூள், தார், துட்டு

கல்குவாரிக் கழிவைத் தாரில் கலந்து மலிவாகச் சாலை போடலாமா என்று கல்லூரிக்குக் கல்லூரி ஆய்வு நடக்கிறது. பாவம், பிள்ளைகள். எங்கள் ஒன்றியத்துக் காண்டிராக்டர்கள் பட்டம் ஏதும் இல்லாமலே இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். அவர்கள் ஆய்வு ஒரு படி மேலே போய்விட்டது: கழிவு இருக்கட்டும், தாரை எடுத்துவிடு.

ஆய்வைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது விழுகிற தூள் குவிந்து கிடக்கிறது. தார்க் கலவையில் ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்க 0.075 மி.மீ. சல்லடையில் இறங்குகிற நுண்தூள் தேவை. அதற்குக் கல்தூள் போதும் என்று மத்திய சாலைத் துறையின் விதிப்புத்தகமே சொல்கிறது. கூடவே நிபந்தனையும் சொல்கிறது: களிமண் கலக்கக் கூடாது, களித்தன்மையைக் காட்டும் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 4-ஐத் தாண்டக் கூடாது. தூள் ஏற ஏற அதைப் பூசத் தாரும் ஏற வேண்டும். கிரானைட் வகைக் கல் தாரைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய்விடும் சுபாவம் கொண்டது. கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் சேர்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் நம்மவர்களுக்குக் கசக்கிறது. தூள் அள்ள அள்ள வரும், தாருக்குக் காசு கொடுக்க வேண்டும். நல்ல கலவையில் எடைக்கு ஐந்து சதவீதம் போலத்தான் தார். அந்த ஐந்துக்குள் எத்தனை கை நுழைகிறது! வேலையின் அளவை எழுதிவைக்கும் எம்-புக்கில் தார் குறைந்ததே கிடையாது. சாலையில்தான் குறைகிறது.

போட்ட மறுவாரம் ஓரத்தைச் செருப்பு முனையால் நெம்பிப் பாருங்கள், அதிரசம் போலப் பிட்டுக்கொண்டு வரும். ஒரு ஜல்லியைக் கையில் எடுங்கள். மேலே லேசாகக் கறுப்பு, உள்ளே கல்லைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூள். தார் கல்லைத் தொடவே இல்லை. திறப்பு விழாவில் மாலை போட்டவர்கள்கூட அவ்வளவு தள்ளி நின்றதில்லை.

ஆய்வகத்தில் கலவையின் உறுதியைப் பார்க்கும் மார்ஷல் சோதனைக்கு மாதிரிக் கட்டியை இரண்டு பக்கமும் 75 அடி அடித்துத்தான் வைக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? 3.75 மீட்டர் அகலக் கிராமச் சாலையில், கொள்ளாத பாரம் ஏற்றிய டிப்பர் ஒரு நடை போய்த் திரும்பட்டும், ரிசல்ட் அன்று சாயங்காலமே வந்துவிடும். மலையை உடைத்தவர் லாரியே சாலையையும் உடைக்கும். உடைந்ததற்கு டெண்டர் எடுப்பவர் அவருடைய மைத்துனர். ஒட்டுப்போட ஜல்லி வேண்டுமே என்று மறுபடி மலைக்கு வெடி. சுழற்சிப் பொருளாதாரம் என்று பெரிய படிப்பாளிகள் பேசுகிறார்களே, எங்கள் ஊரில் வந்து கற்றுக்கொண்டு போகலாம்.

கழிவுக்கா பஞ்சம்? மதுரை மாவட்டம் கீழவளவுப் பக்கம் போனால் கிரானைட் வெட்டியபின் ஒதுக்கித் தள்ளிய கல் குன்று குன்றாய் நிற்கும். கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று 2012-இல் கலெக்டராக இருந்த சகாயம் எழுதினார். அதே ஆண்டு அவரைக் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றினார்கள். மலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் வேட்டி விற்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்தக் குன்றுகளை உடைத்தால் எத்தனை ஊருக்குச் சாலை போடலாம்! ஆனால் அதற்குப் புது மலை வேண்டாம், புது லைசென்ஸ் வேண்டாம். அப்புறம் யாருக்கு என்ன லாபம்?

குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது விதி. டேப்பை எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பது வித்தை. வெடித்தால் சுவர் பிளக்கும். முருங்கைக் கீரையைக் கழுவினால் சட்டியடியில் குவாரி படியும். நுரையீரலில் படிவதைக் கழுவ முடியாது, அதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

மனு கொடுக்கலாமே என்பீர்கள். திருமயம் பக்கம் ஒருவர் கொடுத்தார், விடாமல் கொடுத்தார். 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொன்றார்கள். முதலில் அதற்குப் பெயர் விபத்து. பிறகுதான் குவாரிக்காரர்கள் கைதானார்கள். 0.075 மில்லிமீட்டர் தூளைச் சலித்தெடுக்கச் சல்லடை வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு, நம்பர் பிளேட் மாட்டிய லாரி ஒன்றும் கண்ணில் சிக்குவதில்லை.

கழிவில் சாலை போடுங்கள் ஐயா, தாராளமாகப் போடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறோம். அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தராசு கொண்டுவாருங்கள். எங்கள் சாலையில் ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, தாரைக் கரைத்துக் கழுவிவிட்டு, மீதியை மறுபடி எடை போடுங்கள். கழித்துப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்கு சரியாக வந்தால் பில்லைப் பாஸ் பண்ணிக்கொள்ளுங்கள்.

வர மாட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஜே.இ.க்குக் கலெக்டர் ஆபீஸில் மீட்டிங் இருக்கும்.