கேள்வி – பதில்

கேள்வி: பத்திரிகை நடத்தியவர்கள் மந்திரியாவதெல்லாம் மேல்நாட்டில்தானா? நம் புதுச்சேரியில் அப்படி யாரும் உண்டா?
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஏன் இல்லை? 1934இல் ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, பிரெஞ்சு சர்க்காரின் செவிக்கு நாராசமான அந்தச் சொல்லையே அதன் நெற்றியில் அச்சிட்ட வ. சுப்பையா, 1936 ஜூலை 30இல் மில் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக்கு இரையான பின்னும் அஞ்சாது போராடி, எட்டு மணி நேர வேலைக்கு வழிகண்டு, பாரிஸில் பிரெஞ்சு மேல்சபையிலும் வீற்றிருந்து, 1969இல் அமைந்த கூட்டணியில் புதுச்சேரி மந்திரியுமானார். தலையங்கத்தில் அதிகாரிகளை வறுத்தெடுத்தவர், பிறர் தலையங்கத்தில் வறுபடும் நாற்காலிக்கே வந்து சேர்ந்தது விதியின் விநோதம்! ரயிலடியில் இறங்கி வெளியே வந்தால் தாங்கள் கால் வைப்பது சுப்பையா சாலையில்தான். இருபது வருஷமாகப் பதில் எழுதும் அடியேன் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. முட்டுச் சந்தானாலும் சம்மதமே.