கல்யாண காண்டிராக்டர் இலக்கணம்

யானைக்கும் குதிரைக்கும் லட்சணம் எழுதிவைத்த நம் முன்னோர், ரத்தினங்களின் குற்றங்குணங்களையும் பல்லி விழும் பலனையும்கூடத் தனித்தனியே வகுத்துச் சென்றிருக்க, பெண்ணைப் பெற்ற ஒருவன் தன் ஆயுட்காலச் சேமிப்பில் பெரும்பகுதியை ஒன்றரை நாளில் கொண்டுபோய் ஒப்படைக்கும் கல்யாண காண்டிராக்டருடைய லட்சணம் இன்னதென்று ஒரு சூத்திரமாவது எழுதாமற் போனது சாஸ்திர உலகின் பெருங்குறை என்றே சொல்லவேண்டும். அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். நூலுக்கு முதலில் பாயிரம் சொல்வது மரபாயினும், முகூர்த்தம் நெருங்கிவிட்ட வீட்டாரும் இதைப் படிக்கக்கூடுமாதலால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

பண்டைக் காலத்தில் காண்டிராக்டர் இருந்தாரா என்பது முதல் வினா. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தை வருணிக்கிறார். வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொண்டுவந்து பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், உளுந்து சேர்த்துக் குழைய வேகவைத்த பொங்கல் என்று ஏற்பாடுகள் அளவாகவே இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாட்டில் புரோகிதர் இல்லாமையைக் கண்டு அதிசயித்து அதோடு நின்றுவிட்டனர். காண்டிராக்டர் இருப்பதைக் கண்டாரிலர். தலையில் குடமும் கையில் புதிய மண்டையும் ஏந்தி, அங்குமிங்கும் ஆரவாரித்து நடந்து, முன்னே கொடுக்கவேண்டியதை முன்னும் பின்னே கொடுக்கவேண்டியதைப் பின்னுமாக முறை தவறாமல் எடுத்துக் கொடுத்த முதுபெண்டிர் சிலரை அப்புலவர் காட்டுகிறாரே, அவர்களே தமிழகத்தின் ஆதி காண்டிராக்டர்கள் என்பது எம் துணிபு. அவர்களுடைய ஆரவாரத்தைப் புலவர் மறவாமல் குறித்திருப்பதிலிருந்து, சத்தம் போடாமல் கல்யாண வேலை செய்வது அன்றும் எவருக்கும் கைவரவில்லை என்பது பெறப்படும். அட்வான்ஸ் வாங்கியதாகப் பாட்டில் இல்லை.

இம்முதுபெண்டிரின் வாரிசாகப் பிற்காலத்தில் தோன்றியவர் உக்கிராணத்து மாமா. சென்ற தலைமுறைவரை குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருந்தார். ரெவின்யூ இலாகாவிலோ ரயில்வேயிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராயிருப்பார். சத்திரத்துக்குள் நுழைந்த கணத்திலேயே உக்கிராண அறையின் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாரானால், கட்டுசாதக் கூடை கட்டி முடிகிறவரை அவருடைய அனுமதியில்லாமல் ஒரு பிடி சர்க்கரை வெளியே போகாது. முந்திரிப்பருப்பை எண்ணிக் கொடுக்கிறார் என்று சமையற்காரர்கள் அவரைத் திட்டுவார்கள். வெல்லத்தை வாரி இறைத்துவிட்டார் என்று வீட்டுப் பெண்கள் திட்டுவார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு மயில்கண் வேஷ்டியோடு ஊர்போய்ச் சேருவார். ஐந்து நாள் கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கி, வீட்டு வாசற் பந்தலிலிருந்து சத்திரத்துக்கும் சத்திரத்திலிருந்து குளிர்சாதன மண்டபத்துக்கும் விவாகம் இடம்பெயர்ந்து, மாமாக்களும் பெங்களூருக்கும் நியூஜெர்ஸிக்கும் குடிபோய், வந்தாலும் முகூர்த்தத்தன்று காலை விமானத்தில் வந்து மாலை விமானத்தில் திரும்புகிறவர்களாய்ப் போனபின், அந்தச் சாவியை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமற் போயிற்று. காண்டிராக்டர் என்பவர் அந்தச் சாவியை வைத்துக்கொள்வதற்குக் கூலி வாங்குகிறவர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

கல்யாணத்துக்கு இவர் அவசியந்தானா என்று ஒரு பூர்வபட்சம் எழக்கூடும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், ஸப்தபதி உள்ள விவாகங்களில் ஏழாவது அடி வைத்தவுடன் விவாகம் பூர்த்தியாகிவிடுகிறது என்கிறது. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தமோ, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும் என்று இன்னும் சுருக்கிவிட்டது. ஆகவே சட்டத்தின் நோக்கில் ஏழடி நிலமோ இரண்டு மாலையோ இருந்தால் காரியம் தீர்ந்தது. ஆயினும் அச்சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் வக்கீல்கள் வீட்டுக் கல்யாணங்களிலேதான் இரண்டு பாயசம் போடுகிறார்கள் என்பதைக் காணும்போது பூர்வபட்சம் தானே வீழ்ந்துவிடுகிறது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. அறிவு பெறும் வழிகளைப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நையாயிகர்கள் நான்காக வகுத்தனர். இவற்றுள் சப்தம், அதாவது ஆப்தர் வாக்கு, காண்டிராக்டர் விஷயத்தில் அறவே பயன்படாது. தம் பெண்ணின் கல்யாணத்தில் சாம்பார் நீர்த்துப்போயிற்று என்று ஒப்புக்கொள்ளும் தகப்பனார் உலகில் இல்லை. யாரைக் கேட்டாலும் 'ஜாம்ஜாமென்று நடத்திக் கொடுத்தான்' என்றே சொல்லுவார். உபமானமும் ஆபத்தானது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் போல என்று வாய் திறந்த மாத்திரத்தில், அடுத்த வீட்டுக்காரர் கொடுத்ததற்குமேல் ஒரு தொகை நம் தலையில் வந்து அமர்ந்துவிடும். அனுமானமோ மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் பழைய உதாரணத்தை நம்பி நிற்பது. விறகடுப்புப் போய் கேஸ் அடுப்பு வந்துவிட்ட சமையற்கட்டில் புகையே எழாமையால், விடியற்காலையில் காபி தயாராகிறதா இல்லையா என்று எந்தத் தருக்க சாஸ்திரியாலும் ஊகிக்க முடியாது. எஞ்சியது பிரத்தியட்சம் ஒன்றே.

ஆகவே அந்தக் காண்டிராக்டர் நடத்தும் வேறொரு கல்யாணத்துக்குப் போய் உண்டு பார்ப்பதே முறை. போகிறவர் முதற் பந்தியில் உட்காரலாகாது. முதற் பந்தியில் எல்லாக் காண்டிராக்டர்களும் நளமகாராஜாக்களே. மூன்றாவது பந்தியில், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருக்கும் இலையில் அமர்ந்து, இரண்டாம் முறை ரசம் கேட்டுப் பார்க்கவேண்டும். 'இதோ வருது' என்று சொல்லிக்கொண்டே மோர் வாளியோடு ஒருவர் கடந்துபோவாராயின், அவரை அமர்த்தியவரை நாம் அமர்த்தலாகாது. நாம் பாயசத்தில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, அவரை நயமாக அப்பால் அழைத்துப்போக ஓர் ஆள் போடப்பட்டிருக்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்வது நலம். அழைப்பில்லாத இடத்துக்குப் போகலாமா எனின், சாஸ்திர விசாரணைக்காகச் செல்பவருக்கு விலக்கு உண்டு. மொய்க் கவரில் 101 ரூபாய் வைத்துவிட்டால் தோஷம் நீங்கும்.

பிரத்தியட்சத்தில் தேறியவர் ஓர் எஸ்டிமேட் தருவார். அதுவும் ஒரு நூலே. ஆகவே நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களும் அதற்கும் பொருந்தும். 'புஷ்ப அலங்காரம்' என்று மட்டும் எழுதி, மேடைக்கு மட்டுமா வாசலுக்கும் சேர்த்தா, மாலை எத்தனை ஜோடி, சம்பந்தி வீட்டுப் பெண்டுகளுக்கு மல்லிகைச் சரம் ஆளுக்கு எத்தனை முழம் என்பதைச் சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். வரவேற்பு விருந்தில் 28 வகை என்று எண்ணிக்கை காட்டுவதற்காக உப்பையும் ஊறுகாயையும் வாழைப்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் பீடாவையும் தனித்தனி வகையாகச் சேர்ப்பது மிகைபடக் கூறல். பாத்திரம் தேய்க்கும் ஆட்களின் கூலியைச் சமையற் கணக்கில் ஒருமுறையும் 'மண்டபத் துப்புரவு' என்ற தலைப்பில் ஒருமுறையும் வைப்பது கூறியது கூறல். முதற் பக்கத்தில் 'எல்லாம் அடக்கம்' என்றும், கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கேஸ், ஜெனரேட்டர் டீசல், மண்டப மின்சாரம், ஜி.எஸ்.டி. தனி' என்றும் இருப்பது மாறுகொளக் கூறல். ஜானவாசத்துக்குத் திறந்த காரா சாரட்டு வண்டியா என்று கேட்டால், சென்ற தை மாதம் யாரோ ஒரு தனவந்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு யானை கொண்டுவந்து நிறுத்திய கதையைச் சொல்வது மற்றொன்று விரித்தல். முதற் பந்தியில் பாதாம் அல்வாவாகப் பிறந்தது மூன்றாம் பந்தியில் கேசரியாவது சென்று தேய்ந்திறுதல். மின்சாரம் போன வேளையில் ஓடாமல் மண்டப வாசலில் நின்றுகொண்டிருக்கும் ஜெனரேட்டர், நின்று பயனின்மைக்கு உதாரணம். முனிவர் இதை எண்ணித்தான் அக்குற்றத்துக்கு அப்பெயர் இட்டாரோ என்று ஐயுறத் தோன்றுகிறது. எஞ்சியவற்றை வாசகர் தம் வீட்டு எஸ்டிமேட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

இவற்றுள் கொடியது குன்றக் கூறலே. சீர் முறுக்கு ஏழு சுற்றா ஒன்பது சுற்றா என்பதை எழுத்தில் வாங்காமல் விட்டவர்கள், விட்டுப்போன அந்த இரண்டு சுற்றுக்காகத் தலைதீபாவளி வரையில் பேச்சுக் கேட்டிருக்கிறார்கள்.

அளவைப் பற்றிய அதிகாரம் மிக நுட்பமானது. தடாதகைப் பிராட்டியாரின் கல்யாணத்தில் வந்தவர் எல்லாரும் உண்டபின்னும் சமைத்தது மிஞ்சிக் கிடக்க, அதைப் பிராட்டியார் மாப்பிள்ளையாகிய சொக்கநாதரிடம் சொல்ல, அவர் தம் கணங்களில் குண்டோதரன் என்ற ஒருவனை உண்ண ஏவினார் என்றும், அவன் இருந்தது அத்தனையும் தின்று தீர்த்துப் பசி ஆறாமல் அலறியதனால் அன்னக்குழிகளை உண்டாக்கவும், பிறகு அவன் தாகத்துக்கு வைகையையே வரவழைக்கவும் நேர்ந்தது என்றும் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் கூறுகிறார். இதனால் அறியப்படுவன யாவை எனின், பண்டம் மிஞ்சினாலும் பெண் வீட்டாருக்குத் தலைகுனிவு உண்டு என்பதும், எண்ணிக்கையில் சொல்லாத ஒருவரை மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் பந்திக்கு அழைத்துவருவது மிகப் பழைய ஸம்பிரதாயம் என்பதும், எஸ்டிமேட்டில் குடிநீர் விட்டுப்போவது அன்றே தொடங்கிவிட்டது என்பதுமாம்.

இக்காலத்துக் குண்டோதரன் இலைக் கணக்கு. இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தபின், காண்டிராக்டரின் ஆள் ஒருவரும் பெண்ணின் சித்தப்பா ஒருவரும் பந்தி வாசலில் நின்று எண்ணுவார்கள். இருவரும் யோக்கியர்கள், இருவரும் எண்ணத் தெரிந்தவர்கள், ஆயினும் இரண்டு கணக்கும் ஒத்துப்போன கல்யாணம் ஒன்றையும் இவ்வாராய்ச்சியில் காண இயலவில்லை. நாதஸ்வரக்காரர், வீடியோக்காரர், கார் டிரைவர்கள், மண்டபத்துக் காவலாளி ஆகியோருடைய இலைகள் யார் கணக்கைச் சேர்ந்தவை என்பதும், குழந்தைக்கென்று போட்டுத் தாயார் உண்டு முடித்த இலை அரையா ஒன்றா என்பதும், மீந்துபோகிற காய்கறியும் மளிகையும் யாருடையவை என்பதும் முன்னதாகவே பேசிக்கொள்ளப்படாமைதான் காரணம். முன்னதாகப் பேசாதவர்கள் முகூர்த்தத்தன்று பிற்பகல், மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி மானேஜர் மின்விசிறிகளை அணைத்துக்கொண்டு வரும் வேளையில், பூசணிக்காய்க்கும் சேப்பங்கிழங்கு மூட்டைக்கும் நடுவே நின்றுகொண்டு பேசுவார்கள்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. திங்கட்கிழமை காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம் என்றால், 7.30க்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பது புரோகிதருக்கும் தெரியும், காண்டிராக்டருக்கும் தெரியும். தெரியாதவர் போட்டோகிராபர் ஒருவரே. 'சார், இன்னொரு வாட்டி இந்தப் பக்கம் பாருங்க' என்று அவர் கேட்கும்போது குறுக்கே போய் நிற்கும் தைரியம் காண்டிராக்டருக்கு உண்டா என்று விசாரித்துக்கொண்டால் போதும். கல்யாண வரவேற்பைக் கல்யாணத்துக்கு முதல்நாள் மாலையே நடத்திவிடும் இன்றைய வழக்கத்தைச் சிலர் குறை கூறுவர்; காரியம் காரணத்துக்குள் முன்னமே இருக்கிறது என்னும் சாங்கியரின் சற்காரியவாதத்தை ஏற்பவருக்கு அதில் ஆட்சேபம் தோன்றாது.

இவ்வளவும் அமைந்தவரை அமர்த்திவிடலாமா எனின், இன்னும் ஒன்று உண்டு. அதுவே இந்நூலின் சித்தாந்தம். முன்பின் அறியாத இரண்டு குடும்பங்கள், தூக்கம் கெட்டு, பட்டுப்புடவையின் புழுக்கத்தோடு, ஒரே கூரையின்கீழ் ஒன்றரை நாள் அடைபட்டுக் கிடக்கும்போது கோபம் பிறந்தே தீரும். ஒருவரும் யாரையும் கோபித்துக்கொள்ளாமல், ஏற்பாடு ஒன்றும் பிசகாமல், தோரணமும் பூரண கும்பமும் முத்துப் பந்தலும் அம்மி மிதித்தலும் முறையாக நடந்தேறிய கல்யாணம் ஆண்டாளுடையது. அது கனவில் நடந்தது. நனவில் நடப்பது வேறு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாப்பிள்ளையின் அத்தை காபியை ஒரு வாய் பருகி, இரண்டாம் டிகாஷன் என்று தீர்மானித்து, டம்ளரை ஜன்னல் விளிம்பில் ஓசை கேட்கும்படி வைக்கிறார். பெண்ணின் தாயாருக்கு முகம் சுண்டிப்போகிறது. அப்போது 'எங்கே அந்தக் காண்டிராக்டர்?' என்று ஒரு குரல் எழவேண்டும். எழுந்தவுடன் அவர் தோளில் துண்டோடு ஓடிவரவேண்டும். வந்தவர், அது முதல் டிகாஷன்தான் என்பதை நன்றாக அறிந்திருந்தும், 'தப்பு என்னுதுதான் மாமி, ரெண்டே நிமிஷம், நானே கலந்து எடுத்துண்டு வரேன்' என்று சொல்வாராயின், எஸ்டிமேட்டில் உள்ள அத்தனை குற்றங்களையும் அவருக்கு மன்னித்துவிடலாம். 'இந்தக் காண்டிராக்டர்களே இப்படித்தான்' என்று அத்தையும் பெண்ணின் தாயாரும் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறார்களே, அந்தக் கணத்தில், ஸப்தபதிக்கு வெகுநேரம் முன்னதாகவே, சம்பந்தம் நிலைபெற்றுவிடுகிறது. உக்கிராணத்து மாமா ஒரு மயில்கண் வேஷ்டிக்குச் செய்துவந்த தொண்டும் இதுவே.

காதில் கருவியும் கையில் டேப்லெட்டுமாக இப்போது வரும் ஈவென்ட் மானேஜர்களில் கெட்டிக்காரர்கள் பலர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தை டம்ளரை வைத்தவுடன், காபி 5.20க்கு இறக்கப்பட்டது, பொடி இன்ன அளவு, பால் இன்ன தரம் என்று திரையைக் காட்டி அவர்கள் நிரூபித்துவிடக்கூடும். நிரூபித்தபின் குற்றம் அத்தையின் நாவில் என்றாகும். அதைச் சொல்ல வைத்தவர்கள் பெண் வீட்டார் என்றும் ஆகும். வாதத்தில் ஜெயிக்கிறவரைக் கல்யாணத்துக்கு அமர்த்தலாகாது.

எப்போது போய்ப் பேசுவது என்பது ஒன்றே மீதம். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்றிலும் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லையாயினும், பேசுவதற்கு உத்தமமானது ஆடிதான். வைகாசியும் ஆனியும் ஓய்ந்து, அண்டாக்களும் அடுக்குகளும் கொல்லையில் கவிழ்ந்து கிடக்க, காண்டிராக்டர் வீட்டிலேயே இருப்பார். ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்டு வருகிறாரா, பரிமாறும் பிள்ளைகள் கூலிக்காக வாசலில் நிற்கிறார்களா என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். ஆட்களுக்குக் கூலி நிறுத்தி வைத்திருப்பவருடைய மூன்றாம் பந்திக்கு ரசம் எப்படி வரும்? திருப்தி ஏற்பட்டால் அட்வான்ஸை அங்கேயே கொடுத்து, முறுக்கின் சுற்று உள்படக் குறித்த ரசீதைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடவேண்டும். ஆவணி பிறந்துவிட்டால் அவருடைய போனை எடுப்பவர் அவர் மைத்துனர்.