அடுத்த அலாட்மென்ட்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூவில் சயன்ஸ் முடித்த பையன்களில் ஒரு தனி ரகம் உண்டு. என்ன படிக்கிறாய் என்றால், "இப்போதைக்குக் கெமிஸ்ட்ரிங்க" என்பான்.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு அவன் கொடுத்த ஆப்ஷன் பட்டியல் கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு நீளம். சித்தூர் அரசுக் கல்லூரி, பாலக்காடு விக்டோரியா என்று ஒன்றையும் விடவில்லை. முதல் அலாட்மென்டில் ஆசைப்பட்ட பிசிக்ஸே கிடைத்தது. ஆனால் மேலே இருந்த ஆப்ஷன்களை ரத்து செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. மாமா சொன்னாரே என்று கெமிஸ்ட்ரியை உச்சியில் போட்டிருந்தான். அடுத்த அலாட்மென்டில் அது விழுந்ததும் பிசிக்ஸ் தானாகக் கழன்றுகொண்டது. விதிமுறை அப்படி.

எல்லையில் வீடு இருந்தால் யோசனை சொல்ல இரண்டு மாநிலத்திலும் ஆள் உண்டு. பொள்ளாச்சி மாமாவுக்குக் கம்ப்யூட்டர், திருச்சூர் அத்தைக்கு நர்சிங். அப்பாவுக்கு எதுவானாலும் சரி, தோப்புக்கு உபயோகப்பட வேண்டும். 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு தோப்புகளில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ அவர் மரங்களையும் விடவில்லை.

"ஏங் கண்ணு, சயன்ஸ்தானே படிக்கறே? இதுக்கு ஒரு வழி சொல்லு."

"ஈ ஜுவாலஜிங்கப்பா. மரம் பாட்டனி. மருந்துதான் கெமிஸ்ட்ரி. அதுலயும் இன்னும் அந்தப் பாடம் வரலீங்க."

"தோப்பு மட்டும் என்னுதா?"

2024இல் கேரளம் நான்கு வருடப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது இவனை மனதில் வைத்துத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மேஜரோடு மைனர்களும் உண்டு. இரண்டு செமஸ்டர் போனபின், இடம் காலியிருந்தால், மேஜரையே மாற்றலாம். மூன்று வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பலாம், நான்காம் வருடமும் இருந்தால் ஆனர்ஸ். பாடப்புத்தகத்தைத் திறக்காதவன் இந்த விதிகளை அடிக்கோடிட்டுப் படித்தான்.

மூணாறில் இருப்பவன் வேறு ஜாதி. அவனும் மாற்றுகிறான், ஆனால் விரும்பி அல்ல. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைவிட எஸ்டேட்டுக்குப் போகும் பஸ்தான் அவன் பாடத்தை முடிவு செய்கிறது. லேப் முடிந்து வந்தால் பஸ் போயிருக்கும். லேப் இல்லாத கணக்குக்கு மாறினான். போடிமெட்டு இறங்கினால் தேனியில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, ஹாஸ்டலுக்குப் பணம்தான் வேண்டும். லயத்து வீட்டில் அம்மா சொல்வது ஒன்றே: "எதையாச்சும் படிச்சு முடிடா. கொழுந்து கிள்ள மட்டும் வந்துராத." இவனைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரனைக் கேலி செய்யலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அவனுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போடும் அக்ஷயா மையத்து வாசலில்தான் ஜாகை. எந்தக் கல்லூரியை மேலே போடுவது, எதைக் கீழே தள்ளுவது, எப்போது ரத்து செய்வது, எல்லாம் அவன் விரல் நுனியில். ஆசிரியர்களே அவனிடம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கட்டணம் ஒரு டீ, ஒரு பழம்பொரி.

போன தடவை ஒரு அம்மா, மகளின் பட்டியலை அவன் சரசரவென்று அடுக்கியதைப் பார்த்து அசந்துபோய்க் கேட்டார்: "அப்ப எம் பொண்ணு இதையே படிச்சு முடிச்சுருவாளா தம்பி?"

"முடிக்கறது பத்தி எனக்குத் தெரியாதுங்கக்கா. மாத்தறதுன்னா வாங்க."